ஈரம் போனால்தான் மொறுமொறுப்பு: கிரனோலா பற்றிய வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் காலை உணவுப் பக்கத்தில், ஓட்ஸையும் பருப்புகளையும் விதைகளையும் இனிப்புப் பாகில் பிரட்டி, மெல்லிய சூட்டில் மொறுமொறுவென்று வாட்டி எடுக்கும் கிரனோலாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் பலர் எழுதியிருப்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கடையில் ஒரு சிறிய பொதி கிரனோலா வாங்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் செய்யலாம் என்றால், பார்க்கும் செய்முறைகள் எல்லாம் பாதாம், தேன், மேப்பிள் பாணி என்று நீள்கின்றன. இங்கே கிடைக்கும் பொருட்களைக் கொண்டு செய்ய முடியாதா? அளவுகளையும் தர முடியுமா?
– வாசகி, கோண்டாவில்

தாராளமாகச் செய்யலாம். பாதாமும் மேப்பிள் பாணியும் அவை மலிவாகக் கிடைக்கும் நாடுகளின் வழக்கமே தவிர, கிரனோலாவின் இலக்கணம் அல்ல. அதற்கு வேண்டியவை நான்கு: தட்டையான ஒரு தானியம், எண்ணெய்ச் சத்துள்ள பருப்பு அல்லது விதை, பாகாகக் கூடிய ஓர் இனிப்பு, கொஞ்சம் எண்ணெய். இவற்றுள் ஓட்ஸ் மட்டுமே நமக்கு இறக்குமதிப் பொருள். மற்றவை எல்லாம் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றினால் பைக்குள் வந்துவிடும்.

240 மில்லிலீற்றர் கொள்ளும் கோப்பையால் மூன்று கோப்பை ஓட்ஸ், அதாவது ஏறத்தாழ 300 கிராம், எடுத்துக்கொள்ளுங்கள். தோல் நீக்கிய பச்சைக் கச்சான் 150 கிராம், எள்ளு 40 கிராம், உலர்த்திய தேங்காய்ப்பூ 40 கிராம், பனங்கட்டி 120 கிராம், தேங்காய் எண்ணெய் மூன்றில் ஒரு கோப்பை, உப்பு அரைத் தேக்கரண்டி, ஏலக்காய்த் தூளும் வேர்க்கொம்புத் தூளும் விருப்பம்போல். கடைசியில் சேர்க்க, பிளம்ஸ் என்று கடைகளில் விற்கும் உலர்ந்த முந்திரிகைப்பழம் 75 கிராம். கஜு கைவசம் இருந்தால் கச்சானில் பாதியைக் குறைத்து அதைப் போடலாம். ஆனால் பனங்கட்டியோடு கச்சானும் எள்ளும் சேரும் ருசிக்கு அது ஈடாகாது என்பது என் அபிப்பிராயம். கச்சானில் சுருங்கியவை, நிறம் மாறியவை, பூஞ்சணம் பிடித்தவை இருந்தால் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு வறுத்தாலும் முழுமையாக அழிவதில்லை.

பனங்கட்டியைக் குட்டான் கணக்கில் போடாமல் நிறுத்துப் போடுவது நல்லது, ஏனெனில் குட்டான்கள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. அதனைக் கால் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, ஓலைத் துணுக்கும் மண்ணும் போக வடிகட்டி, சற்றுத் தடிக்கும் வரை காய்ச்சி இறக்கி, எண்ணெயையும் உப்பையும் அதிலே கலந்துகொள்ளுங்கள். ஓட்ஸ், கச்சான், எள்ளு, தேங்காய்ப்பூ ஆகியவற்றை ஒன்றாக்கி, அதன்மேல் பாகை ஊற்றி, ஒவ்வொரு துகளும் மினுங்கும் வரை பிரட்டுங்கள். பின்னர் ஒயில் பேப்பர் விரித்த அகன்ற தட்டில் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேற்படாமல் பரப்பி, 150 பாகை செல்சியசில் 25 முதல் 30 நிமிடம் வரை வாட்டுங்கள். பாதி நேரத்தில் ஒருமுறை கிளறிவிட்டால் போதும். பிளம்ஸை ஒருபோதும் அடுப்பில் வைக்காதீர்கள். அது ஊதிக் கருகி, ஆறியதும் கல்லாகிவிடும்.

ஓட்ஸ் வாங்கும்போது, ஆவியில் அவித்து உருளையால் தட்டையாக்கிய முழு இதழ் வகையைப் பார்த்து வாங்குங்கள். வெந்நீர் ஊற்றியதும் கரையும் உடனடி ஓட்ஸ் பாகோடு சேர்ந்து மாவாகிவிடும். உருக்குக் கத்தியால் குருணையாக வெட்டிய வகையோ பல்லுக்கு வேலை வைக்கும்.

ஒரு செய்முறையில் சொன்ன அளவிலேயே செய்தேன். மேலே கருகி, நடுவில் நசநசவென்று இருந்தது. மொறுமொறுப்பாகட்டும் என்று மேலும் பத்து நிமிடம் வைத்தேன்; முழுவதும் கசந்துவிட்டது. எங்கே பிழை?
– வாசகி, நல்லூர்

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. கிரனோலா சூட்டில் இருக்கும்போது மொறுமொறுப்பாக இராது. பாகு சூடாக இருக்கும் வரை இளகிய நிலையிலேயே இருக்கும்; ஆறும்போதுதான் அது இறுகிக் கண்ணாடிபோல் ஆகி, இதழ்களுக்கு மொறுமொறுப்பைக் கொடுக்கும். ஆகவே கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல், நிறத்தையும் மணத்தையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஓட்ஸ் இளம் பொன்னிறமாகி, வறுத்த எள்ளின் மணம் குசினியைத் தாண்டி வரும்போது எடுத்துவிடுங்கள். பனங்கட்டி சேர்ப்பதால் கலவை தொடக்கத்திலேயே கபில நிறமாக இருக்கும் என்பதால், ஓட்ஸைக் காட்டிலும் தேங்காய்ப்பூவின் நிறத்தைக் கவனிப்பது பாதுகாப்பானது.

மேலே கருகியதற்குக் காரணம் அநேகமாக உங்கள் சிறிய மின்சார அடுப்பின் மேற்கம்பிதான். அவ்வகை அடுப்புகளில் தட்டுக்கும் கம்பிக்கும் இடையே நாலு விரல் இடைவெளிகூட இருப்பதில்லை. தட்டை நடுத்தட்டுக்கு இறக்கி, சூட்டை 140 பாகையாகக் குறைத்து, நேரத்தை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். நடுவில் நசநசத்ததற்குக் காரணம் ஒன்றில் தடிப்பாகப் பரப்பியது, அல்லது துருவிய பச்சைத் தேங்காய்ப்பூவை அப்படியே போட்டது. பச்சைத் தேங்காயில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியாகும் வரை பக்கத்திலுள்ள ஓட்ஸும் வாடாது. தேங்காய்ப்பூவை முதலில் தாச்சியில் இளஞ்சூட்டில் உலர வறுத்து, கையில் எடுத்தால் உதிரும் பதத்துக்குக் கொண்டுவந்த பின்னரே சேர்க்க வேண்டும்.

எண்ணெய் சேர்க்காமல் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஆனால் நன்றாக வராது. எண்ணெய் ஒவ்வொரு இதழையும் மெல்லியதாகப் போர்த்துச் சூட்டைச் சமமாகக் கடத்துகிறது. அது இல்லாவிட்டால் ஓரிடம் கருக, இன்னோரிடம் பச்சையாக நிற்கும். நல்லெண்ணெய் மணம் பிடிக்கும் வீடுகளில் தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாக அதையே ஊற்றலாம். பனங்கட்டிக்கு நன்றாகப் பொருந்தும்.

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. எரிவாயு அடுப்பும் தாச்சியும்தான். கிரனோலா ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகர், வல்வெட்டித்துறை

விட வேண்டாம். எள்ளுருண்டைக்குப் பாகு காய்ச்சத் தெரிந்த கைக்கு இது புதிய வேலையே அல்ல. ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஓவனில் பாகும் ஓட்ஸும் ஒன்றாகக் காய்கின்றன, தாச்சியிலோ முதலில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக உலர வறுத்து, பிறகுதான் பாகில் இணைக்கிறோம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுத்தால், கச்சான் சிவக்கும் முன் எள்ளு கருகிவிடும்.

அடி கனத்த தாச்சியில், மேலே சொன்ன அளவு ஓட்ஸை இரண்டு பங்காக்கி, சிறு நெருப்பில் பங்குக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் எண்ணெயின்றிக் கைவிடாமல் கிளறி வறுங்கள். ஒரு இதழை ஆறவிட்டுக் கடித்தால் முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். கச்சானை வறுத்ததாகவே வாங்கிக் கோதைப் புடைத்துப் போட்டால் வேலை குறையும். எள்ளு வெடிக்கத் தொடங்கியதும் இறக்குங்கள். தேங்காய்ப்பூவைக் கடைசியாக வறுங்கள்.

அடுத்தது பாகு. கரைத்து வடிகட்டிய பனங்கட்டியைக் காய்ச்சி, இரண்டு விரல்களுக்கிடையே தொட்டு இழுத்தால் ஒரு கம்பி நீளும் பதத்தில் எண்ணெயையும் உப்பையும் சேர்த்து, உடனே வறுத்தவற்றைக் கொட்டிப் பிரட்டுங்கள். இத்தோடு அடுப்பை அணைத்துவிட்டால் கிரனோலா ஒட்டும். ஏனெனில் கம்பிப் பதத்துப் பாகில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. மிகச் சிறு நெருப்பில் மேலும் ஐந்து முதல் ஏழு நிமிடம் கிளறி, துகள்கள் ஒன்றை ஒன்று விட்டு விலகி அகப்பையில் சரசரவென்று ஓசை எழுந்த பின்னரே தட்டில் கொட்டிப் பரப்ப வேண்டும். பாகை முதலிலேயே உருட்டுப் பதம் தாண்டக் காய்ச்சினால் இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கலாம்தான். ஆனால் அது பிரட்டி முடிப்பதற்குள் இறுகி, ஒருபக்கம் கட்டியாகவும் மறுபக்கம் வெறும் ஓட்ஸாகவும் நிற்கும்.

இதனைக் கண்டுபிடித்தவர் யார்?
– மாணவர், உரும்பிராய்

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள டான்ஸ்வில் என்ற ஊரில் நீர்ச் சிகிச்சை நிலையம் நடத்திய ஜேம்ஸ் கலேப் ஜக்சன், 1863 இல் தவிடு நீக்காத கோதுமை மாவை ரொட்டியாகச் சுட்டு, உடைத்து, மீண்டும் சுட்டு நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதன் பெயர் கிரனூலா. இரவு முழுவதும் பாலில் ஊறவைத்தால்தான் மெல்ல முடியும் என்ற அளவுக்கு அது கடினமாக இருந்தது. பின்னர் பற்றில் கிறீக் நகரில் மருத்துவ நிலையம் நடத்திய ஜோன் ஹார்வி கெலொக் அதையொத்த ஒன்றைச் செய்து, பெயர்த் தகராறு எழுந்ததால் கிரனோலா என்று மாற்றினார். ஓட்ஸும் பருப்பும் தேனும் சேர்ந்த இன்றைய வடிவம் 1960களிலும் 70களிலும்தான் பரவலாயிற்று.

கடைக் கிரனோலாவில் இருப்பதுபோல் கட்டிகள் எனக்கு வருவதில்லை. உதிரியாகவே போகிறது. முட்டை சேர்க்காத வழி வேண்டும்.
– வாசகி, மானிப்பாய்

ஓட்ஸில் அரைக் கோப்பையை மாவாக அரைத்து மீதியோடு கலந்து, பாகை ஊற்றுங்கள். அந்த மாவுதான் பசையாகி இதழ்களை ஒட்டவைக்கும். தட்டில் பரப்பிய பின் கோப்பையின் அடிப்பாகத்தால் நன்கு அழுத்தி, இடையில் கிளறாமல், தட்டை மட்டும் முன்பின்னாகத் திருப்பி வைத்து வாட்டுங்கள். எடுத்த பிறகு முழுவதும் ஆறும் வரை கை வைக்கக் கூடாது. பெரும்பாலானோர் தோற்பது இந்த இடத்தில்தான். சூட்டோடு ஒரு துண்டு கிள்ளி ருசி பார்த்தாலே விரிசல் ஓடிவிடும். முட்டை சேர்க்கும் வீட்டார் இதே அளவுக்கு ஒரு முட்டையின் வெண்கருவை நுரைக்க அடித்துக் கலந்தால் கட்டிகள் இன்னும் உறுதியாக வரும்.

ஓட்ஸுக்குப் பதிலாக அவல் போடலாமா?
– வாசகர், காரைநகர்

போடலாம். மெல்லிய சிவப்பரிசி அவல் மிகப் பொருத்தமானது. தடித்த அவல் வாட்டினாலும் உள்ளே கடினமாகவே நிற்கும். அவல் ஓட்ஸைவிட விரைவாகக் காய்வதால் 15 நிமிடத்திலிருந்தே கவனியுங்கள். பாலில் போட்டால் சீக்கிரம் ஊறிவிடும் என்பதால், பால் ஊற்றிச் சாப்பிடுவதைவிடக் கட்டித் தயிரின் மேல் தூவிச் சாப்பிடுவதே சுவை. ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு சேர்ந்தே பதப்படுத்தப்படுவதால், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அவலே நம்பகமானது. பாதிக்குப் பாதி கலப்பதும் உண்டு. என்னைக் கேட்டால் அந்தக் கலவைதான் மூன்றிலும் சிறந்தது.

பிளம்ஸுக்குப் பதிலாகப் பனாட்டைச் சிறு சதுரங்களாக வெட்டிச் சேர்த்தும் பாருங்கள். அதன் புளிப்பும் இலேசான கசப்பும் பனங்கட்டியின் இனிப்பைத் திகட்டவிடாது.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதியும் கொலஸ்ட்ரோலும் இருக்கின்றன. ஓட்ஸ் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் என்கிறார்கள். பனங்கட்டி சீனியைப்போல் கெடுதி செய்யாது என்கிறார்கள். ஆகவே கிரனோலா அவருக்கு நல்லதுதானே?
– வாசகி, சாவகச்சேரி

இரண்டு கூற்றிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைக் கொண்டு முழு முடிவுக்கு வருவதுதான் ஆபத்து.

ஓட்ஸிலுள்ள பீற்றா குளுக்கான் என்ற கரையும் நார்ப்பொருள் கொலஸ்ட்ரோலைக் குறைக்க உதவுகிறது என்பது நிறுவப்பட்ட செய்தி. நாளொன்றுக்கு 3 கிராம் பீற்றா குளுக்கான் என்ற அளவை அடிப்படையாக வைத்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997 இல் அவ்வாறு பொதிகளில் குறிப்பிட அனுமதித்தது. அந்த 3 கிராமைப் பெற ஏறத்தாழ 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். மேலே தந்த செய்முறையில் ஏறத்தாழ 800 கிராம் கிரனோலா கிடைக்கும். அதில் ஓட்ஸ் 300 கிராம். அப்படியானால் 75 கிராம் ஓட்ஸ் உட்செல்ல உங்கள் அப்பா 200 கிராம் கிரனோலா சாப்பிட வேண்டும். 100 கிராம் கிரனோலா ஏறத்தாழ 480 கிலோகலோரி என்பதால், அது 950 கிலோகலோரியைத் தாண்டும். அதோடு 30 கிராம் பனங்கட்டியும் உள்ளே போகும். கொலஸ்ட்ரோலுக்காக ஓட்ஸ் என்றால் உப்புப் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுங்கள். அதற்கு மேல் சுற்றுவழி தேவையில்லை.

பனங்கட்டியில் சீனியில் இல்லாத சில தாது உப்புகள் உள்ளன, உண்மைதான். ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்குரோசுதான். இரத்தத்தில் குளுக்கோசு ஏறும் கணக்கில் அதற்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

ஆசைக்குச் சாப்பிடுவதாக இருந்தால், பனங்கட்டியைப் பாதியாகக் குறைத்து, பிளம்ஸையும் தேங்காய்ப்பூவையும் விட்டு, நிறைகொழுப்பு மிகுந்த தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய் ஊற்றிச் செய்யுங்கள். இனிப்புக் குறைந்தால் மொறுமொறுப்பும் சற்றுக் குறையும். கறுவாத் தூள் சேர்த்தால் இனிப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. இரண்டு மூன்று மேசைக்கரண்டியை இனிப்பில்லாத தயிரின் மேல் தூவிக் கொடுங்கள்; கிண்ணம் நிறையக் கொடுக்க வேண்டாம். அவருடைய இரத்தச் சர்க்கரை அளவை அறிந்த வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது.

பங்குனியில் செய்தது மூன்று கிழமை மொறுமொறுப்பாக இருந்தது. அதேபோல் கார்த்திகையில் செய்தது மூன்றாம் நாளே நமுத்துவிட்டது. ஏன்?
– வாசகி, பருத்தித்துறை

மழைக்காலக் காற்றுதான் காரணம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நம் பக்கத்துக் காற்றில் ஈரப்பதன் மிகுதி. இனிப்புப் பாகோ ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. பனங்கட்டிப் பாகு வெள்ளைச் சீனியைவிடக் கூடுதலாக இழுக்கும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பால் காய்ச்சப் போனாலே போதும், அந்த இடைவெளியில் அது நமுக்கத் தொடங்கிவிடும்.

முழுதும் ஆறிய பின்னரே போத்தலில் போடுங்கள். இளஞ்சூட்டோடு அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்து அந்தத் தண்ணீரே உள்ளே சொட்டும். பெரிய ரின் ஒன்றில் நிரப்பி நாள்தோறும் திறப்பதை விட, இறுக்கமான மூடியுள்ள சிறு கண்ணாடிப் போத்தல்கள் பலவற்றில் பிரித்து, ஒன்று முடிந்த பிறகு மற்றதைத் திறப்பது நல்லது. பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு: பிளம்ஸிலும் பனாட்டிலும் உள்ள ஈரம், மூடிய போத்தலுக்குள்ளேயே மெல்ல மெல்ல ஓட்ஸுக்கு இடம் மாறும். ஆகவே மழைக்காலத்தில் பழ வகைகளைத் தனியாக வைத்து, சாப்பிடும் நேரத்தில் மட்டும் கலந்துகொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள், போத்தலை வெளியே எடுத்துக் குளிர் விட்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

நமுத்துப் போனதை எறிய வேண்டாம். பழத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு, 130 பாகையில் எட்டுப் பத்து நிமிடம், அல்லது தாச்சியில் சிறு நெருப்பில் அதே நேரம், வாட்டி ஆறவிட்டால் மொறுமொறுப்புத் திரும்பும். சிக்கு மணம் வந்திருந்தால் மட்டும் எறிந்துவிடுங்கள். அது கச்சானிலும் எள்ளிலும் உள்ள எண்ணெய் கெட்டதன் அறிகுறி. எத்தனை முறை வாட்டினாலும் போகாது.

மூன்று வயதுப் பேத்திக்கும் பத்து மாதப் பேரனுக்கும் கொடுக்கலாமா?
– ஒரு பாட்டி, சுன்னாகம்

பேரனுக்கு வேண்டாம், அம்மா. தேன் சேர்த்துச் செய்ததாக இருந்தால் இன்னும் கவனம்: ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். பேத்திக்குக் கொடுப்பதாயின் முழுக் கச்சானும் கஜுவும் இல்லாமல், அவற்றை மாவாக இடித்துச் சேர்த்துச் செய்து, பாலில் நன்கு ஊறவைத்து, இருத்தி வைத்து ஊட்டுங்கள்; முழுப் பருப்பு அந்த வயதில் தொண்டையில் சிக்கும். கச்சானை அவள் இதுவரை சாப்பிட்டதில்லை என்றால், முதல் நாள் கால் தேக்கரண்டி மட்டும் கொடுத்து, தடிப்போ வாந்தியோ மூச்சு இழுப்போ வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.